தொழுவில் ஒரு சாட்சி

நாகர்கோவிலிலிருந்து கடலை நோக்கி இறங்கும் சாலையில் இராஜாக்கமங்கலத்தை நெருங்குகிறவர், வயல்கள் பின்னே ஒதுங்கத் தென்னந்தோப்புகள் இருமருங்கும் கூடிவருவதையும், அத்தோப்புகளின் நிழலில் வீட்டுக்கு ஒன்று அல்லது இரண்டு என்ற கணக்கில் கறவைப் பசுக்கள் கயிற்றில் கட்டுண்டு நிற்பதையும் காண்பார். சற்றே நின்று ஒரு பசுவின் காதை உற்று நோக்கினால் அதில் மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் வில்லை ஒன்று தொங்குவதும், வில்லையின்மீது 12 இலக்க எண் பொறிக்கப்பட்டிருப்பதும் தெரியும். கோமாரியையும் கருச்சிதைவை உண்டாக்கும் புரூசெல்லா நோயையும் அடக்கும்பொருட்டு 2019-ஆம் ஆண்டு செப்டம்பரில் மதுரா நகரில் தொடங்கிவைக்கப்பட்ட தேசியத் திட்டம் நாடெங்கும் பரப்பிய அடையாளம் அது. அப்பசு யாருடையது, எந்த ஊரினது, என்றைக்குத் தடுப்பூசி பெற்றது என்பனவற்றை அரசாங்கத்தின் கணக்கில் தேடிக் காண அவ்வெண் உதவும். ஆனால் அப்பசு நேற்றிரவு நிம்மதியாகப் படுத்ததா, நேற்று தின்ற அளவு இன்றும் தின்றதா என்று கேட்டால் அதனிடம் விடையில்லை. வில்லை பசுவின் பெயரை அறியும், நிலையை அறியாது. பெயரிலிருந்து நிலைக்குச் செல்லும் வழியில் விஞ்ஞானம் கடந்த அரை நூற்றாண்டில் எவ்வளவு தூரம் நடந்திருக்கிறது என்பதே இவ்வத்தியாயத்தின் விஷயம்.

மறைக்கும் பிராணி

பசு வாய் பேசாத பிராணி என்பதை எல்லோரும் அறிவர். அது தன் நோயை மறைக்கும் பிராணியுங்கூட என்பதை அறிந்தவர் சிலரே. புலியும் செந்நாயும் மந்தையைச் சுற்றிவந்த யுகங்களில் நொண்டியதும் பின்தங்கியதும் முதலில் இரையாயின. வலியை வெளிக்காட்டாமல் மந்தையோடு ஒட்டி நடந்தவற்றின் சந்ததியே எஞ்சிற்று. வேட்டை விலங்கின் வாடையே இல்லாத தென்னந்தோப்பில் நிற்கும் இன்றைய பசுவும் அந்தப் பழைய எச்சரிக்கையைக் கைவிட்டபாடில்லை. அது தீனியை அறவே ஒதுக்கித் தலையைத் தொங்கவிட்டுக் கண்ணில் நீர் வடிய நிற்கும் நாளையே நாம் நோய் கண்ட நாளாகக் கொள்கிறோம். உண்மையில் நோய் அதற்கு இரண்டொரு நாள் முன்னரே புகுந்திருக்கும்.

இந்த இடைவெளியைக் குறுக்குவதற்கென்றே நம் முன்னோர் ஒரு கலையை வளர்த்து வைத்திருந்தனர். காதின் அடியைத் தொட்டு உஷ்ணம் பார்ப்பது, மூக்கு நுனியில் வியர்வை முத்துக்கள் அரும்பியிருக்கின்றனவா என்று நோக்குவது, சாணத்தின் இளக்கத்தைக் கவனிப்பது, இடது விலாவின் பள்ளத்தில் முஷ்டியை அழுத்தி உள்ளே வயிறு புரளுவதை எண்ணுவது ஆகிய யாவும் அக்கலையின் அங்கங்கள். என் இளமையில் அடுத்த வீட்டுக் கிழவி ஒருத்தி விடிவதற்கு முன் எங்கள் வீட்டு நடையில் வந்து நின்று, “மக்களே, இவ ராத்திரி பூரா அசையே போடல்ல, கேட்டியா, வயித்துல என்னவோ இருக்கு” என்று சொன்னது இன்னும் செவியில் நிற்கிறது. பசுவைப் போய்ப் பார்த்தால் எங்கள் கண்ணுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. அன்று மாலையில்தான் அதன் வயிறு உப்பிக்கொண்டது. கிழவிக்கு இருந்தது தெய்வ திருஷ்டியன்று. தொழுவை ஒட்டிய திண்ணையில் படுத்து உறங்கும் வழக்கமுடைய அவளுக்கு, இரவெல்லாம் தாலாட்டுப்போலக் கேட்கும் தாடையின் ஓசை அன்று கேளாதுபோனதே போதுமான செய்தியாயிற்று.

இன்றோ பசுவை வளர்ப்பவர் பகலில் வேறு வேலைக்குப் போகிறார், பிள்ளைகள் படிப்பிலிருக்கிறார்கள், இரவில் தொழுவுக்கும் உறங்கும் அறைக்கும் இடையே சுவர்கள் வந்துவிட்டன. அறிவு இருந்தும் அருகில் இருக்க ஆளில்லை. அந்தத் திண்ணையின் காவலைத்தான் நவீன விஞ்ஞானம் உணரி, அதாவது சென்சார், என்னும் சிறு கருவியிடம் ஒப்படைக்க முயல்கிறது.

கண்டதும் கருதியதும்

நியாய சாஸ்திரத்தார் அறிவின் வாயில்களை எண்ணும்போது பிரத்தியட்சத்தையும் அனுமானத்தையும் முதலில் வைப்பர். நெருப்பை நேரே காண்பது முன்னது, புகையைக் கண்டு நெருப்பு உண்டென்று துணிவது பின்னது. இராஜாக்கமங்கலம் துறையிலிருந்து கடலுக்குப் போகும் மீனவர், நீரின் மேல் ஒரு நிறமாற்றத்தையும் பறவைகளின் வட்டமிடலையும் கொண்டு அடியிலே சாளைக் கூட்டம் போகிறதென்று துணிவதும் அனுமானமே. தொழுவுக்கு வந்திருக்கும் உணரியும் அனுமானக் கருவியேயாம். அது நோயைக் காண்பதில்லை. நோய் கலைத்துவிட்ட பழக்கத்தையே காண்கிறது. இதை மறவாதிருந்தால் கருவியை வியப்பதிலும் சரி, வெறுப்பதிலும் சரி, அளவு தவறமாட்டோம்.

பசுவின் கழுத்துப் பட்டையிலுள்ள சிறு பெட்டியைத் திறந்தால் அதனுள் முடுக்கமானி என்னும் சில்லு ஒன்று இருக்கும். மயிரிழையினும் நுண்ணிய பற்களையுடைய சிலிக்கான் சீப்பு ஒன்று அதில் மெல்லிய வில்களின் துணையால் தொங்குகிறது; அப்பற்களுக்கு இடையிடையே அசையாத மற்றொரு சீப்பின் பற்கள் நிற்கின்றன. பசு தலையை அசைத்தவுடன், பஸ் திடீரென்று புறப்படும்போது பின்னுக்குச் சாயும் பிரயாணியைப்போலத் தொங்கும் சீப்பு சற்றே பின்தங்குகிறது, பற்களின் இடைவெளி மாறுகிறது, அதனால் அவற்றிடையே தங்கும் மின்னேற்றம் மாறுகிறது, அம்மாற்றம் எண்ணாகிறது. மோட்டார் கார் மோதும்போது காற்றுப் பை விரிவதற்கென்று பெருமளவில் செய்யப்பெற்று, பின்னர் கைபேசிகளில் குடியேறி, அதனால் விலை மலிந்த பிறகே இச்சில்லு பசுவின் கழுத்துக்கு வந்து சேர்ந்தது.

இவ்வெண்களின் ஓட்டத்தில் பசுவின் வாழ்வு முழுவதும் எழுதப்படுகிறது. மேயும்போது தலை தாழ்ந்து புல்லைச் சுற்றிப் பறிக்கும் வெட்டிழுப்பு ஒருவகை அலை. நடக்கும்போது வரும் தாளம் வேறுவகை. ஆயினும் எல்லாவற்றிலும் சிறந்தது அசைபோடுதலின் அலையே. வயிற்றிலிருந்து ஒரு கவளம் கழுத்தின் வழியே மேலெழுகிறது, தாடை 50 அல்லது 60 தடவை ஒரே சீராக அரைக்கிறது, கவளம் விழுங்கப்படுகிறது, நாலைந்து வினாடி மௌனம், அடுத்த கவளம் எழுகிறது. இஸ்ரேல் நாட்டில் செய்யப்பெற்ற கழுத்துப் பட்டைகள் சிலவற்றில் முடுக்கமானியோடு ஒலிவாங்கியும் இருந்து, கிழவியின் செவியைப்போலவே இவ்வோசையைக் கேட்டுக் கணக்கிட்டன. நலமுள்ள கறவைப் பசு ஒரு நாளில் ஏறக்குறைய 7 அல்லது 8 மணி நேரத்தை இச்செயலுக்கே செலவிடுகிறது. அசைபோடுகையில் பெருகும் உமிழ்நீர் ஒரு நாளைக்கு 100 லிட்டருக்கு மேலும் போகும். அதிலுள்ள காரப்பொருள் வயிற்றில் உண்டாகும் அமிலத்தை ஆற்றுகிறது. காய்ச்சலோ வலியோ இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்தின் குறைவோ நேர்ந்தால் வயிற்றின் புரளல் தளர்கிறது, அசைபோடும் நேரம் சரிகிறது, பாலின் அளவு அதன் பின்னரே குறைகிறது. பால் குறைந்ததைக் கண்டு நோயை அறிபவர் ஒரு படி பிந்தி வருகிறார் என்பது இதனால் விளங்கும்.

இங்கே கருவியின் சூட்சுமம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு நாளில் 450 நிமிடங்கள் அசைபோடுவது ஒரு பசுவுக்கு இயல்பாயிருக்க, வைக்கோல் மிகுதியாகத் தின்னும் மற்றொன்றுக்கு அதுவே குறைவாயிருக்கும். ஆகவே கருவி பசுவை ஊர்ப் பசுக்களோடு ஒப்பிடாமல், சென்ற வாரத்திய அதே பசுவோடு ஒப்பிடுகிறது.

வயிற்றினுள்ளே ஒரு குளிகை

கழுத்தில் அணிவது ஒருபுறமிருக்க, விழுங்கச் செய்வதும் உண்டு. கனமான குளிகை ஒன்றைத் தொண்டை வழியே செலுத்தினால், அது தன் எடையாலேயே பசுவின் இரண்டாம் இரைப்பையில் தங்கிவிடும். பசு தீனியோடு விழுங்கும் ஆணியும் கம்பியும் சென்று தங்குவதும் அவ்விடத்திலேயே. அங்கிருந்தபடியே குளிகை உள் உஷ்ணத்தை அளந்து வெளியே ஒலிபரப்புகிறது. பசுவின் இயல்பான உடலுஷ்ணம் ஏறக்குறைய 38.5 டிகிரி, நொதித்தல் நடக்கும் வயிற்றினுள் அதைவிடச் சற்று அதிகம். பசு தண்ணீர் குடித்ததும் வயிற்றின் உஷ்ணம் சட்டென்று பல டிகிரி இறங்கி மெல்ல ஏறுகிறது. எனவே உஷ்ணம் அளக்க வந்த கருவி, பசு எத்தனை தடவை தண்ணீர் குடித்தது என்பதையும் கேளாமலே சொல்லிவிடுகிறது. கன்று ஈனுவதற்கு ஒரு நாள் முன்பு உடலுஷ்ணம் சிறிது குறையும் இயல்பையும் அது பிடித்துக்கொள்கிறது.

தவறிய 21 நாட்கள்

இக்கருவிகளின் சரித்திரம் நோயில் தொடங்கவில்லை. சினைப் பருவத்தில் தொடங்கிற்று. பசுவுக்கு 21 நாட்களுக்கு ஒருமுறை பருவம் வரும். வந்தால் 12 முதல் 18 மணி நேரமே நிற்கும். வெப்ப தேசங்களில் அது இன்னும் சுருங்கி, பெரும்பாலும் இரவில் வந்து, கத்துதலும் இல்லாமல் ஊமைப் பருவமாய்க் கழிந்துவிடுவதுண்டு. காலையில் பருவம் கண்ட பசுவுக்கு மாலையிலும், மாலையில் கண்டதற்கு மறுநாள் காலையிலும் சினை ஊசி போடவேண்டும் என்பது கால்நடை மருத்துவர் யாவரும் கூறும் விதி. ஆனால் கண்டால்தானே விதி பயன்படும்! ஒரு பருவம் தவறினால் அடுத்த 21 நாள் தீனியும் தவிடும் புண்ணாக்கும் வீண்செலவு; கன்றும் அத்தனை நாள் பிந்தும்.

அமெரிக்காவில் பெல்ட்ஸ்வில் ஆராய்ச்சி நிலையத்தைச் சார்ந்த கிட்டி என்பவர் பசுக்களின் காலில் அடிகளை எண்ணும் அடியளவியைக் கட்டிப் பார்த்து, பருவ நாளில் அவற்றின் நடமாட்டம் இரு மடங்குக்கும் மேலாக உயர்வதை 1977-இல் வெளியிட்டார். ஏறக்குறைய அதே காலத்தில் இஸ்ரேலில் யோர்தான் பள்ளத்தாக்கிலுள்ள அஃபிகிம் என்னும் கூட்டுப் பண்ணையில் மின்னணுப் பால்மானியும், பின்னர் காலில் அணிவிக்கும் கருவியும் உருவாயின. நம் நாட்டில், சென்னை ஐ.ஐ.டி.யின் அரவணைப்பில் வளர்ந்து 2011-இல் பெங்களூரில் தொடங்கப்பெற்ற ஸ்டெல்ஆப்ஸ் என்னும் நிறுவனம், பால் சேகரிப்பு முதலியவற்றோடு, பசுவின் காலில் கட்டி அதன் நடமாட்டத்தால் பருவத்தையும் நலத்தையும் அறியும் கருவியையும் செய்தது. அண்டை மாநிலத்துக் கொச்சியில் எழுந்த பிரெயின்வயர்டு நிறுவனமோ காதில் மாட்டும் உணரியைத் தேர்ந்தெடுத்தது. மஞ்சள் வில்லை தொங்கும் அதே காதில், நிலையை அறியும் வில்லையும் தொங்கக்கூடும் என்ற நிலை இவ்வாறு பிறந்தது.

கடற்கரையின் புழுக்கம்

ஐரோப்பிய நூல்களைப் படித்து நம் தொழுவைப் பார்ப்பவர் ஒரு விஷயத்தைத் தவற விடுவர். அது கடற்காற்றின் ஈரம். பசு தன் உஷ்ணத்தைத் தோலிலிருந்தும் சுவாசத்திலிருந்தும் நீரை ஆவியாக்கியே பெரிதும் போக்குகிறது. காற்று ஏற்கெனவே நீர் நிரம்பியிருந்தால் ஆவியை ஏற்க மறுக்கிறது. ஆகையால் விஞ்ஞானிகள் உஷ்ணத்தையும் ஈரப்பதத்தையும் சேர்த்து ஒரே எண்ணாக்கி, அது 72-ஐத் தாண்டினால் மேல்நாட்டுக் கறவைப் பசு துன்புறத் தொடங்கும் என்பர். நாமே கணக்கிட்டுப் பார்ப்போம். உஷ்ணம் 31 டிகிரியாயிருக்க, ஈரப்பதம் 30 சதவீதமேயுள்ள வறண்ட உள்நாட்டில் அவ்வெண் ஏறக்குறைய 76 ஆகிறது. அதே 31 டிகிரியில் ஈரப்பதம் 75 சதவீதமாக உள்ள கடற்கரையில் 84 ஆகிவிடுகிறது. உஷ்ணமானி இரண்டிடத்திலும் ஒன்றையே காட்டும். பசு மட்டும் வேற்றுமையை அறியும்.

இந்த உண்மை கலப்பினப் பசுவுக்கு மிகவும் பொருந்தும். அண்டையிலுள்ள கேரளத்தில் 1963-இல் மாட்டுப்பெட்டியில் சுவிட்சர்லாந்தின் உதவியோடு தொடங்கிய திட்டம் சுனந்தினி என்ற கலப்பினத்தைத் தந்தது; தமிழகத்துத் தொழுவுகளில் ஜெர்சிக் கலப்பு மிகுந்தது. பால் பெருகிற்று, பால் சுரக்கும் உடலின் உள்வெப்பமும் கூடவே பெருகிற்று. திமிலும் தளர்ந்த தோலுமுடைய நாட்டுப் பசு பொறுக்கும் புழுக்கத்தை இது பொறுக்காது. தொழுவின் கூரையடியில் தொங்கும் ஒரு சாதாரண ஈரப்பதமானி, எந்த நேரத்தில் மேலே நீர் தெளிக்கவேண்டும், எந்த நேரத்தில் விசிறி ஓடவேண்டும் என்பதைச் சொல்லிவிடும். உணரிகளுள் எளியதும் இந்தக் கடற்கரைக்கு உடனே உதவுவதும் இதுவே எனலாம்.

மடியின் மின்சாரம்

மடிவீக்க நோயின் கதையிலும் ஒரு சிறு பௌதிகம் ஒளிந்திருக்கிறது. கிருமி புகுந்த மடியில் இரத்தத்திலிருந்து உப்புச் சத்து பாலில் கசிகிறது. உப்பு மிகுந்தால் பால் மின்சாரத்தை எளிதில் கடத்துகிறது. நான்கு காம்புகளின் பாலையும் தனித்தனியே அளந்து, ஒன்று மட்டும் மற்ற மூன்றினின்று விலகினால், வீக்கமும் திரிதலும் கண்ணுக்குத் தெரியுமுன்பே அக்காம்பை ஐயுறலாம். ஐயத்தை உறுதிசெய்ய, 1957-இல் கலிபோர்னியாவில் ஷால்மும் நூர்லேண்டரும் வகுத்த, சோப்பை ஒத்த திரவத்தோடு பாலைக் கலக்கிப் பாகாய்த் திரள்கிறதா என்று பார்க்கும் சோதனை இன்றும் போதுமானது.

முன்னரே அறிவதன் லாபம் மருந்தில் தெரியும். தஞ்சைப் பகுதியில் பணியாற்றிய கால்நடை மருத்துவப் பேராசிரியர் புண்ணியமூர்த்தி, சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் ஆகியவற்றை அரைத்து மடியில் பூசும் மரபு முறையை முறைப்படுத்தினார். தேசிய பால்வள வாரியமும் அதைப் பரப்பிவருகிறது. வீட்டு முற்றத்தில் கிடைக்கும் இப்பொருள்கள் உதவுவது நோயின் முதற்படியிலே. முற்றிய நோய்க்கு ஊசி மருந்தும், பாலைக் கீழே கொட்டுதலுமே கதி. நவீன உணரியும் பழைய வாகடமும் பகைவர் என்று எண்ணுவோர் இவ்விரண்டும் கைகோக்கும் இடத்தை இங்கே காணலாம்.

சாட்சி யாருக்கு எதிராக?

இதுவரை கருவியின் புகழைப் பாடினோம். இனி அதன் குறையையும் கூறுவதே நேர்மை. மூடுபனியைப் புகையென்று மயங்கினால் இல்லாத நெருப்பை அனுமானிக்க நேரும். ஈக்கடிக்குத் தலையை உதறும் பசுவையும், பட்டை தளர்ந்து தொங்கும் பசுவையும் கருவி நோயாளியாக்கிவிடக்கூடும். பரந்த கொட்டிலில் உலாவும் நூறு பசுக்களுக்கென்று அமைந்த அடியளவி, தென்னை மரத்தைச் சுற்றி ஆறு முழக் கயிற்றில் நிற்கும் பசுவின் காலில் என்ன செய்யும்? நடக்க இடமில்லாத பிராணியின் நடையை அளப்பது, பூட்டிய வீட்டில் விருந்தினரை எண்ணுவது போலாகும். நமக்கு ஏற்றது தாடையையும் உஷ்ணத்தையும் அளப்பதேயன்றி நடையை அளப்பதன்று. ஒரு பசு வைத்திருப்பவர் தனியே வாங்குவதும் பொருந்தாது; குறைந்த மின்சாரத்தில் நெடுந்தூரம் செல்லும் வானொலி அலையால், பால் சங்கத்தின் கூரையில் ஒரே ஏற்பியை வைத்து, சங்கத்துப் பசுக்கள் பலவற்றின் செய்தியையும் பெறுவதே சிக்கனம். அதிலும், கன்று ஈன்று ஒரு மாதத்துக்குள் இருக்கும் பசுவுக்கு மட்டும் பட்டையை அணிவித்துப் பின் மற்றதற்கு மாற்றிக்கொண்டால், பெரும்பாலான நோய்கள் வரும் காலம் காவலுக்குள் வந்துவிடும்.

இவை யாவினும் ஆழமான விஷயம் ஒன்று உண்டு. பிராணிகளின் நலத்தைப் பற்றி 1965-இல் இங்கிலாந்தில் பிராம்பெல் குழு தந்த அறிக்கை, ஒரு பிராணிக்குத் தடையின்றி நிற்கவும், படுக்கவும், திரும்பவும், உடலை நக்கிக்கொள்ளவும், கால்களை நீட்டவும் இடம் வேண்டும் என்றது. கருவி இவற்றையும் அளக்கிறது. பசு ஒரு நாளில் 10 முதல் 12 மணி நேரம் படுத்திருக்க விரும்பும். ஈரத் தரையில் அது ஆறு மணி நேரமே படுத்ததென்று கழுத்துப் பட்டை எழுதிவைக்கும். வேண்டியபோதெல்லாம் குடிக்கக் கூடிய பசு நாளில் பலமுறை குடிக்கும். காலையிலும் மாலையிலும் மட்டும் வாளி காட்டப்படும் பசுவின் வயிற்றுக் குளிகை தரும் உஷ்ணக் கணக்கில் இரண்டே பள்ளங்கள் விழும். அந்தப் பள்ளங்கள் பசுவின் நோயைக் குறிக்கவில்லை. நம் வழக்கத்தையே குறிக்கின்றன. பசுவைக் கண்காணிக்க நாம் தொழுவில் வைத்த சாட்சி, விசாரணை தொடங்கியதும் நம்மை நோக்கியே கையை நீட்டுகிறது. கயிற்றை நீட்டுவதற்கும், தண்ணீர்த் தொட்டியை அருகில் வைப்பதற்கும், தரையில் காய்ந்த தென்னந் தும்பைப் பரப்புவதற்கும் மின்கலம் தேவையில்லை. ஆனால் தேவை உண்டென்று நமக்கு நிரூபிக்க ஒரு மின்கலம் வந்தது.

வாசகருக்கு ஒரு பயிற்சி

கருவி கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை. இன்றிரவு சாப்பாடு முடிந்தபின் ஒரு கைக்கடிகாரத்தோடு தொழுவில் சென்று அமருங்கள். பசு படுத்துக் கண்ணை அரைவாசி மூடியதும் அதன் கழுத்தில் ஒரு கவளம் ஓடி ஏறுவது தெரியும். அங்கிருந்து விழுங்கும்வரை தாடை எத்தனை தடவை அசைகிறதென்று எண்ணுங்கள். ஐந்து கவளங்களை எண்ணிச் சராசரியைத் தொழுவின் சுவரில் கரியால் எழுதிவையுங்கள். ஏழு இரவுகள் இவ்வாறு எழுதினால் அப்பசுவின் இயல்பு உங்கள் சுவரில் இருக்கும். எட்டாம் இரவு அந்த எண் வெகுவாய்ச் சரிந்தாலும், அரைமணி அமர்ந்தும் ஒரு கவளமேனும் எழாவிட்டாலும், பால் குறையும்வரை பொறுத்திராமல் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். தமிழ்நாட்டில் அதற்கான தொலைபேசி எண் 1962.